கீழ் முக்கோணம்

பகலில் உரக்கடை. ஆறு மணிக்கு மேல்
மங்களம் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறேன்.
திருத்துறைப்பூண்டியில் இரண்டுக்கும் நடுவே
முள்ளியாற்றுப் பாலம் ஒன்றுதான்.
சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவேன்.
ஆனாலும் கிழித்த டிக்கெட்டில் மருந்து வாடை.

இரண்டு இடத்திலும் முத்திரை பார்க்கிற வேலை.
டப்பாவில் சாய்ந்த சதுரம், அதன் கீழ் முக்கோணத்தில்
சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை.
சிவப்பு கொடியது, பச்சை சாது.
திரையில் யு, யு/ஏ, ஏ.
நடுவில் உள்ளதை இப்போது
ஏழு, பதிமூன்று, பதினாறு என்று
நாற்றை முடி முடியாய்ப் பிரிப்பதுபோல்
பிரித்திருக்கிறார்கள்.

ஏ படம் ஓடிய வாரம்
கறிக்கடை நைனா முகமது மகனைத் திருப்பி அனுப்பினேன்.
அரும்பு மீசையில் மை தீட்டி வந்திருந்தான்.
"ரத்தமாண்ணே?" என்று சிரித்தான்.
விடிகாலை நாலு மணிக்கு
அப்பாவுக்கு ஆட்டைப் பிடித்துக் கொடுக்கிறவன்.
போகிற போக்கில் கிளைமாக்ஸையும் சொல்லிவிட்டுப் போனான்.
போனில் பார்த்துவிட்டானாம்.

அதே வாரம் ஒரு தாய் முந்தானைக்குள்
நாலு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோனதைக்
கூட்டத்தில் நான் கவனிக்கவில்லை.
இடைவேளையில் இருக்கை நனைந்திருந்தது.
ஆகவே முத்திரையே வேண்டாமென்று
சொல்கிற ஆள் நானில்லை.

பொங்கலுக்கு யு படம்.
கச்சனத்திலிருந்து செந்தாமரை வந்தாள்,
எட்டு வயது வினோதினியோடு.
"அடிதடி ஏதும் இருக்காண்ணே?
புள்ள ராத்திரில தூங்க மாட்டேங்குது."
"யு படம்மா, கைக்குழந்தையே பாக்கலாம்."
வாய் நிறையச் சொன்னேன்.

நாற்பதாவது நிமிடம் காமெடியன்
காதலி வீட்டு வாசலில்
பூச்சிமருந்து டப்பாவைத் தூக்குகிறான்.
கடன்காரன் பக்கத்தில் நின்று
"மீதி இருந்தா எனக்கும்" என்கிறான்.
கூரை அதிரும். மூன்று நாளாகக் கேட்கிறேன்,
அந்த இடம் வந்தால்
வெளியே நிற்கிற நானும் சிரித்துவிடுவேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது பிள்ளை.
அழவில்லை.
"மாமா, அந்த டப்பாவுல கீழ எந்தக் கலரு?"

எனக்குத் தெரியும். எந்தக் கலரும் இல்லை.
படக்காரர்கள் வெறும் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள்.
"பச்சை" என்றேன்.

"எங்க வீட்ல மஞ்சள்."

உள்ளே மறுபடி சிரிப்பு.
"கேட்டியா, அது நன்னாரி சர்பத்தும்மா.
எந்திரிச்சு ஓடுறான் பாரு."

"படத்துல எந்திரிப்பாங்க" என்றது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
மேட்டூரைப் பாதியில் மூடினார்கள்.
குறுவை கருகியது.
யார் யாருக்கு என்ன விற்றோம் என்று
கடையில் கார்பன் தாளோடு பில் புத்தகம் இருக்கிறது.
நான் புரட்டவில்லை.

சென்னையில் உட்கார்ந்து பார்த்தவர்களை என்ன சொல்ல?
ரத்தத்தை எண்ணியிருப்பார்கள்,
கெட்ட வார்த்தையை எண்ணியிருப்பார்கள்,
முத்தத்தை நொடிக்கணக்கில் அளந்திருப்பார்கள்.
கச்சனத்தில் ஒரு வீட்டுப் பரண்
எந்தப் பட்டியலில் வரும்?
அந்த இடத்தில் அவர்களும் சிரித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை புதுப்படம். யு/ஏ, ஏழு.
டீச்சர் போலிருந்த ஒருத்தி, இரண்டு பையன்கள்.
"பிள்ளைங்க பாக்கலாம்ல?"
"உங்க பசங்க எதுக்குப் பயப்படுவாங்க?" என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தாள்.
பெரியவன் "பல்லி" என்றான்.
சின்னவன் ஒன்றும் சொல்லாமல்
அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.
பின்னால் வரிசை நெருக்கியது.
மூன்றையும் கிழித்தேன்.